விமானம் ஏறி வந்த சித்தாள்கள்

வீட்டில் விசேஷம் என்றால் ஒத்தாசைக்கென்று நாலு பேர் வந்து சேருவார்கள். சிலர் வந்தால் வேலை குறையும். வேறு சிலர் வந்துவிட்டாலோ, அவர்களுக்கென்றே தனியாக ஒரு காப்பிக் கணக்கு வைக்க வேண்டியிருக்கும்! முகம் சுளிக்கவும் முடியாது. பிரியமாக அல்லவா வந்திருக்கிறார்கள்? இந்தத் தர்மசங்கடம் கடல் கடந்த ஒரு தேசத்துக்கும் உண்டு, சகோதரிகளே.

அந்தத் தேசம் மத்திய அமெரிக்காவில் உள்ள ஹோண்டுராஸ். 1998-ஆம் வருஷம் அக்டோபர் கடைசியில் 'மிட்ச்' என்ற புயல் நாட்கணக்கில் அங்கே மழையைக் கொட்டித் தீர்த்தது. ஐயாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். மலைச்சரிவுகள் வீடுகளோடு சரிந்து விழுந்தன. சோலுத்தேக்கா என்ற ஊரில் அப்போதுதான் கட்டி முடித்திருந்த பாலம் மட்டும் அசையாமல் நின்றது. ஆறு பாலத்தை விட்டு விலகி வேறு வழியில் ஓடிவிட்டது!

செய்தி கேட்டு, வட அமெரிக்கக் கிறிஸ்தவ சபைகளிலிருந்து கோஷ்டி கோஷ்டியாக ஜனங்கள் வீடு கட்டிக் கொடுக்கப் புறப்பட்டார்கள். 'குறுகிய கால மிஷன் ஊழியம்' என்று இதற்குப் பெயர். வழக்கம் புயலுக்கு முன்பே உண்டு, இன்றும் நடக்கிறது. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். காலேஜ் பெண், பாங்கி குமாஸ்தா, ஓய்வு பெற்ற வாத்தியார் எல்லாரும் வருவார்கள். பிரயாணச் செலவை அவரவரே சேர்க்க வேண்டும். கேக் விற்றும் கார் கழுவியும் காசு சேர்க்கிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் மனசில் கபடம் கிடையாது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும், தெரியுமா? விருந்தாளிகள் விடியற்காலை ஜெபத்துக்கு எழுந்திருப்பதற்கு முன்பே அந்தக் கிராமத்துப் பெண்கள் எழுந்தாக வேண்டும். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து இரவெல்லாம் ஊறப் போட்டிருப்பார்கள். ஆமாம், நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான்! அப்போதுதான் தோல் கழன்று, மாவு பிசையப் பதமாக வரும். கழுவி, அரைத்து, உள்ளங்கையில் தட்டித் தட்டி, விறகடுப்புக் கல்லில் சுட்டெடுக்கும் அந்த ரொட்டிக்குத் 'தோர்த்தியா' என்று பெயர். தொட்டுக்கொள்ள மசித்த பயறு. ஆளுக்கு நாலு வீதம் இருபது விருந்தாளிகளுக்கு எத்தனை ரொட்டி, எத்தனை நேரம் புகை என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்?

பிறகு வேலை. மணல் சலிப்பது, சிமெண்டு குழைப்பது, வரிசையாக நின்று சிமெண்டுக் கல்லைக் கைமாற்றிக் கொடுப்பது. பத்து மணிக்குள் கையெல்லாம் கொப்புளம். உள்ளூர்க் கொத்தனார் தூக்குக்குண்டைப் பிடித்தபடி பொறுமையாகச் சிரித்துக்கொண்டு நிற்பார். பிற்பகலில் மொழிபெயர்ப்பவரை வைத்துக்கொண்டு குழந்தைகளுக்கு வேதாகமக் கதை, பாட்டு, கலர் பென்சில். இரவு சபையில் கூட்டம், கிதார், கண்ணீர். அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே! அமெரிக்காவில் அப்போது கால்வின் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கர்ட் வெர் பீக் என்பவர் ஹோண்டுராஸிலேயே குடியிருந்தவர், அவரும் கிறிஸ்தவர்தான். 2006-இல் அவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். வெளியிலிருந்து வந்த ஒரு கோஷ்டி ஒரு வீட்டைக் கட்ட, பிரயாணத்தையும் சேர்த்துச் சுமார் 30,000 டாலர் செலவழிந்திருக்கிறது. அதே மாதிரி வீட்டை உள்ளூர் ஸ்தாபனங்கள் 2,000 டாலரில் கட்டியிருக்கின்றன! யார் கட்டிய வீடானாலும் குடியிருந்தவர்கள் வாழ்க்கையில் பெரிய வித்தியாசத்தைக் காணோம். ஒரு கோஷ்டியின் செலவில் பதினைந்து குடும்பத்துக்குக் கூரை கிடைத்திருக்கும். பல கொத்தனார் வீடுகளில் உலையும் கொதித்திருக்கும்.

"அப்படியானால் பணத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கட்டுமே!" என்பீர்கள். சொல்வது சுலபம். பக்கத்து வீட்டுப் பெண் பிரயாணம் போகிறாள் என்றால் நூறு டாலர் கொடுக்கிற மாமா, முகம் தெரியாதவர் வீட்டுச் சுவருக்குக் கொடுப்பாரா? இந்த முடிச்சு அவ்வளவு எளிதில் அவிழாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பல் வைத்தியரும் கண் வைத்தியரும் வரட்டும். மலைக் கிராமத்தில் அவர்கள் கிடைப்பது அரிது. கல் சுமக்கிற கைகள் அங்கே ஏராளம். சுவரைக் கூலி கொடுத்துக் கொத்தனாரிடம் விட்டுவிட வேண்டியதுதான். மற்றவர்கள் விருந்தாளியாகவே வரலாமே! வருஷா வருஷம் ஒரே ஊருக்கு, முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போகிற சபைகளும் இருக்கின்றன. போகிற பெண்கள் விடியற்காலையில் அந்த அடுப்படிக்குப் போய் உட்காரட்டும். சோள மாவை முதல்முதலாகத் தட்டுகிறவளுக்கு ரொட்டி வட்டமாக வராது. ஓரமெல்லாம் வெடித்து, தேசப்படம் மாதிரி வரும். வீட்டுக்காரி அதை வாங்கி, சிரித்துக்கொண்டே உருட்டி, மறுபடி கையில் கொடுப்பாள். அதற்கு மொழிபெயர்ப்பவர் வேண்டியதில்லை.