நிலமில்லாதவருக்கு நிலத்தடி நீரில் பங்கில்லையா?

கிணற்றுக்கு வரி போடப்போகிறார்கள், போருக்கு மீட்டர் வைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு ஆனைமலைப் பக்கத்துத் தோப்புகளில் அவ்வப்போது கிளம்பும். காலனியில் இருக்கும் நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்போம். பயப்படுவதற்கு எங்களிடம் கிணறு இருந்தால்தானே?

உண்மையில் அந்தப் பயத்துக்கே பெரிய ஆதாரம் இல்லை. 2020 செப்டம்பர் 24 அன்று மத்திய ஜல்சக்தி அமைச்சகம் வெளியிட்ட நிலத்தடி நீர் வழிகாட்டு நெறிகள், வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் தடையின்மைச் சான்று தேவையில்லை என்றே சொல்கின்றன. கிணறு வைத்திருப்பவருக்கு விலக்கு கிடைத்துவிட்டது. கிணறே இல்லாதவர் பற்றி யாரும் பேசவில்லை.

வேர் 1882-ல் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து வசதியுரிமைச் சட்டம், தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நிலத்துச் சொந்தக்காரருக்குக் கொடுத்தது. அப்படியானால் நிலம் இல்லாதவருக்கு? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். இந்திய அளவில் சாகுபடி நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட நம்மவர் கையில் இல்லை. நிலத்தைப் பங்கு வைத்தவர்கள் அதன் அடியில் இருந்த தண்ணீரையும் சேர்த்தே பங்கு வைத்துக்கொண்டார்கள்.

ஆழியாறு எங்கள் கண்முன்தான் ஓடுகிறது. பழைய ஆயக்கட்டின் ஐந்து வாய்க்கால்கள், 1962-ல் எழுந்த அணை, 1970-ல் கேரளத்தோடு போட்ட பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தம் என்று தண்ணீர்க் கணக்கு இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். 2022-ல் ஒட்டன்சத்திரத்துக்கு ஆழியாற்றுத் தண்ணீர் என்றதும் விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். அது அவர்கள் நியாயம். ஆனால் இந்தக் கணக்கு எதிலும் தேங்காய் பறிப்பவரும் மட்டை உரிப்பவரும் வருவதில்லை. ஆயக்கட்டுதாரர் என்ற சொல்லுக்குள் கூலிக்காரருக்கு இடமில்லை.

காலனிக்கு ஒரு போர் போடுவார்கள். திட்ட மதிப்பீட்டில் எழுதிய அடியோடு அது நின்றுவிடும். பக்கத்துத் தோப்பில் தண்ணீர் குறைந்தால் இன்னும் ஆழமாக இறக்குவார்கள். பம்புசெட்டுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். சித்திரை வந்தால் முதலில் காற்று வாங்குவது எங்கள் குழாய்தான். இதில் யாரும் யாரையும் திட்டவில்லை, தள்ளவில்லை. ஆனாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் போய் நிற்பது நம் பெண்கள்தான்.

எங்கள் பாட்டிமார் கிணற்று மேட்டுக்குக் கீழே நின்று, யாராவது சேந்தி ஊற்றமாட்டார்களா என்று காத்திருந்தார்கள். 1927-ல் மகத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். 1938-ல் எம்.சி.ராஜா முயற்சியில் சென்னை மாகாணச் சட்டம் வந்தது. பிறகு அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு, கிணறும் குளமும் எல்லோருக்கும் பொது என்றது. இன்று கிணற்றைத் தொடாதே என்று வாய்விட்டுச் சொல்பவர் குறைவு. கிணறே வற்றிவிட்டது, வாளியும் கயிறும் போய் மோட்டார் ரூம் சாவி வந்துவிட்டது. தனியாகத் தொட்டி கட்டித் தந்தாலும் நிம்மதி உண்டா என்றால், 2022 டிசம்பரில் வேங்கைவயல் தொட்டியில் மலம் கலந்த கதை நாடே அறிந்தது.

மழைநீருக்கு வருவோம். 2003-ல் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு உத்தரவிட்டது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று சென்ட் தொகுப்பு வீட்டுக் கூரையில் விழும் மழையைக் குழி தோண்டி மண்ணுக்குள் இறக்கினால், அது பக்கத்துத் தோப்பின் போரில்தான் ஏறுகிறது. எங்களுக்கு வேண்டியது உறிஞ்சு குழி மட்டும் அல்ல, மூடி போட்ட சேமிப்புத் தொட்டி. அந்த மழையையாவது நாங்கள் குடிக்க வேண்டும்.

வழி தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். மீனாட்சிபுரம் தாண்டினால் பிளாச்சிமடை. 2000-ல் அங்கே கோக்கோகோலா ஆலை வந்தது. கிணற்று நீர் கெட்டுவிட்டது என்று 2002-ல் எரவாளர், மலசர் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா. நிலத்தடி நீர் பொதுச் சொத்து என்று 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2005-ல் இரு நீதிபதிகள் அமர்வு நிலத்துச் சொந்தக்காரர் உரிமைக்கே திரும்பிப் போய், தினம் 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. ஆனால் 2004-ல் மூடிய ஆலை மூடியதுதான். தீர்ப்பு மாறினாலும் அந்தப் பெண்கள் எழுந்து போகவில்லை.

இங்கே என்ன நடந்தது? 2003-ல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலே 2013-ல் அதை ரத்து செய்தார்கள். மகாராஷ்டிரத்திலோ, பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 500 மீட்டருக்குள் முன் அனுமதி இல்லாமல் கிணறு தோண்டக்கூடாது என்று 1993-லேயே சட்டம் போட்டார்கள். அதைப் போல ஒரு வரியாவது தமிழ்நாட்டுச் சட்டத்தில் வேண்டும். கட்டுப்பாடு என்றாலே விவசாயிக்கு எதிரி என்று பேசுவோர், குடிக்கத் தண்ணீர் கேட்பவரை எந்தக் கணக்கில் வைக்கிறார்கள் என்று சொல்லட்டும்.

மார்ச் 22, உலக தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடும். ஆனைமலை ஒன்றியத்து ஊராட்சிகளில் நம்மவர் போய் உட்கார்ந்து இரண்டு விவரம் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். காலனி போர் எத்தனை அடி? அதன் சாவி யாரிடம் இருக்கிறது?