மார்க்கெட் எங்கே, தாத்தா?



ஆவடிப் பக்கத்திலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் செல்பவர்களிடம் பிள்ளைகள் இந்தக் கேள்வியை ஒருமுறையேனும் கேட்டிருப்பார்கள். 'மூர் மார்க்கெட்' ரயில் என்று சொல்லி ஏறுகிறோம். இறங்கினாலோ நடைமேடையும் பயணச்சீட்டு வரிசையுமே இருக்கின்றன. ஒன்பது வயதான என் பேத்தி, "மார்க்கெட் எங்கே, தாத்தா?" என்று கேட்டபோது, பிறகு சொல்கிறேன் என்று இரண்டு முறை தட்டிக்கழித்தேன். மூன்றாம் முறையும் அவள் கேட்கவே, ஒரு சனிக்கிழமை அவளையும் அவளுடைய ஆறு வயதுத் தம்பியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். (ஞாயிறு ஆராதனை நாளாதலால், எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட சுற்றல்களுக்குச் சனிக்கிழமைதான்.)

அந்த மார்க்கெட்டை நான் கண்டது 1978ஆம் ஆண்டில். எங்கள் ஊர் நாகலாபுரம். இப்பொழுது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. 2022 வரை சித்தூர் மாவட்டம். பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ் என்று வளர்ந்த எனக்கு ஆங்கிலம் பெரும் பாரமாயிருந்தது. ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி வாங்கித் தருவதற்காகவே அப்பா என்னை ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் சென்னைக்கு அழைத்து வந்தார். புதிய அகராதியின் விலை அவருக்கு எட்டாது. பழைய புத்தகம் வேண்டுமானால் மூர் மார்க்கெட்டுக்குத்தான் போகவேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மரத்தடியில் சாக்கு விரித்து வியாபாரம் செய்வதுதான் நான் அதுவரை அறிந்திருந்த சந்தை. கூரையும் வளைவுகளும் தாழ்வாரங்களும் கொண்டு, நடுவே முற்றம் விட்டுக் கட்டிய சிவந்த மாளிகைக்குள் சந்தை இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை. கூண்டுக் கிளிகள், புறாக்கள், கிராமபோன் தட்டுகள், ஓடாத கடிகாரங்கள், பொம்மைகள். பிறகு புத்தகங்கள், தரையிலிருந்து என் தலைக்கு மேல்வரை. அருகிலேயே மிருகக்காட்சிசாலையும் அப்பொழுது இருந்தது. வண்டலூருக்கு அது மாறியது 1985இல்தான். அப்பாவின் வேட்டி நுனியை நான் விடவேயில்லை.

அந்த மார்க்கெட்டில் பேரம் பேசத் தெரியாதவன் ஏமாந்துபோவான் என்று பேருந்திலேயே ஒருவர் எச்சரித்திருந்தார். ஆனால் எங்களுக்கு அகராதி விற்ற பெரியவர் விலையைச் சொல்லுமுன்னே புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து காட்டினார். 'டபிள்யூ' எழுத்தில் பாதியோடு புத்தகம் முடிந்துவிட்டது. மீதி கிழிந்து போயிருந்தது. "பையன் படிக்கிறவன், தெரிந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, நாங்கள் கேளாமலே விலையைக் குறைத்தார். பள்ளிப்படிப்பு முடியும்வரை எனக்கு அந்த அகராதிதான். அந்தக் கடைசி எழுத்துகளில் தொடங்கும் சொற்களில் இன்றும் தடுமாறுகிறேன். அது வேறு கதை.

சென்னை மாநகராட்சியின் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூர் 1898இல் இந்த மார்க்கெட்டுக்கு அடிக்கல் நாட்டினார். பிராட்வேயில் நெரிசலும் அசுத்தமுமாய்க் கிடந்த பழைய சந்தைக்கு மாற்றாக எழுந்து, 1900இல் திறக்கப்பட்ட கட்டடம் இது. 85 ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. 1985 மே 30 அன்று தீப்பற்றி எரிந்து போயிற்று. அது நின்ற நிலத்தில்தான் இன்றைய புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. பிள்ளைகள் தினமும் சொல்லும் பெயர் அந்த நிலத்தின் பெயர்.

நிலையத்துக்கு வெளியே, வாகனங்கள் நிற்கும் இடத்தருகே, மூர் மார்க்கெட்டின் சிறிய மாதிரிக் கட்டடம் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் அதைத் திரும்பிப் பாராமல் கடந்து செல்கிறார்கள். நானும் எத்தனையோ ஆண்டுகள் அப்படியே கடந்திருக்கிறேன். பேரன் குனிந்து வளைவுகளுக்குள் எட்டிப் பார்த்து, "கடைக்காரர் எல்லாம் எங்கே?" என்றான். மாதிரியைக் கண்டு பிள்ளைகளுக்குப் பெரிய வியப்பு எதுவும் வந்துவிடாது; அதை மறைப்பானேன்? பக்கத்திலிருக்கும் விக்டோரியா ஹாலைக் காட்டி, "இப்படிச் சிவந்த சுவர், இதைவிட அகலமாக, உள்ளே நிறையக் கடைகள்" என்று சொன்ன பிறகுதான் இருவர் முகத்திலும் ஏதோ தெளிந்தது.

"யார் தாத்தா கொளுத்தினார்கள்?" என்று பேத்தி கேட்டாள். ரயில்வே விரிவாக்கத்துக்காக அந்த இடத்தைக் காலி செய்யும் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே ஊரார் பலவிதமாய்ப் பேசிக்கொண்டார்கள். நானும் இளைஞனாயிருந்தபோது அவற்றை நிச்சயமான செய்திபோலப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இப்பொழுது சிறுமியின் முகத்தைப் பார்த்தபோது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. "தீப்பிடித்தது, கடைக்காரர்கள் பிழைப்பை இழந்தார்கள். அது நிச்சயம். மற்றதெல்லாம் பேச்சு" என்றேன். அவளுக்கு அது போதவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் பிரியமான பெற்றோரே, ஊர்ப்பேச்சை வரலாறு என்று சொல்லிப் பிள்ளைகளின் கையில் கொடுக்க நமக்கு உரிமையில்லை.

பிழைப்பை இழந்தவர்களுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். ரிப்பன் மாளிகையைச் சுற்றிக்கொண்டு நடந்தே போகலாம். சிறு பிள்ளைகளானால் தண்ணீர் கொண்டுபோங்கள், வெயில் கடுமை. அங்கே பழைய புத்தகக் கடைகள் இன்றும் உண்டு. பெரும்பாலும் கல்லூரிப் பாடநூல்களே. மாளிகையின் அழகையெல்லாம் அங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆயினும் மூர் மார்க்கெட்டில் மீதியாயிருப்பது மாதிரிக் கட்டடத்தைக் காட்டிலும் அந்த அடுக்குகளில்தான் என்று எனக்குப் பட்டது. பிள்ளைகள் அங்கே பொருளைத் தொடலாம், முகர்ந்து பார்க்கலாம், விலை கேட்கலாம். இதற்குள் நீங்கள் குறுக்கிடாதிருப்பது நல்லது. தவறாய்ப் பேரம் பேசினாலும் அவர்களே பேசட்டும்.

பேத்தி பாடநூல்களுக்கு இடையிலிருந்து ஒரு பறவைப் படப் புத்தகத்தை உருவி எடுத்தாள். முதல் தாளில் யாரோ ஒரு சிறுவனின் பெயரும் வகுப்பும் மையினால் எழுதியிருந்தன. கடைக்காரர் நூறு ரூபாய் என்றார். அவள் பதில் சொல்லாமல் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்து, கடைசிப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாளாக எண்ணத் தொடங்கினாள். அகராதிக் கதையை அவளுக்கு ரயிலிலேயே சொல்லியிருந்தேன்.

"என்ன பாப்பா பார்க்கிறாய்?" என்றார் அவர்.

"கிழிந்திருக்கிறதா என்று."

அவர் சிரித்து, தாமே புத்தகத்தை வாங்கிப் புரட்டி, நடுவில் ஒரு தாள் இல்லாததைக் காட்டினார். அறுபது ரூபாய்க்குக் கொடுத்தார். ரயிலில் திரும்பி வரும்போது, இல்லாத அந்தப் பக்கத்தில் எந்தப் பறவை இருந்திருக்கும் என்று அக்காளும் தம்பியும் ஆவடிவரை சண்டையிட்டுக்கொண்டே வந்தார்கள்.