டிபன் கேரியரில் சோற்றின் பங்கு

“மாவுச்சத்தைக் குறையுங்கள்” என்று மருத்துவர் சொன்னதும், நீரிழிவு உள்ளவரைவிட அவருக்குச் சமைத்துப் போடுபவரே முதலில் கலங்குகிறார். எப்போதும்வென்றான், எட்டயபுரம், கோவில்பட்டி என நீளும் நம் கரிசல் வட்டாரத்தில் அந்தக் கலக்கத்துக்குக் காரணம் உண்டு. விடியுமுன் அடுப்பைப் பற்றவைத்து, எட்டு மணிக்குள் தீப்பெட்டி ஆலைக்கோ காட்டு வேலைக்கோ புறப்பட வேண்டிய வீடுகள் இவை. அங்கே நோயாளிக்கு ஓர் உலை, மற்றவர்க்கு வேறோர் உலை என்பது ஒரு வாரம் நடக்கும். இரண்டாம் வாரம் நின்றுபோகும். தனிச்சமையல் கேட்கும் எந்த உணவுத் திட்டமும் நமக்கு உதவாது என்பதே என் கருத்து. எல்லோருக்கும் ஆக்கிய அதே சமையலில், பரிமாறும் அளவை மாற்றுவதுதான் நிலைக்கும்.

சோற்றை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இண்டியாப்’ ஆய்வு, 18,090 பேரின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்து 2022இல் ஒரு கணக்கை வெளியிட்டது. நம் நாட்டவர் உண்ணும் ஆற்றலில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. நீரிழிவு புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் அதை 49 முதல் 54 விழுக்காட்டுக்குக் குறைத்து, புரதத்தை 20 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தினால் நோய் தணிய வாய்ப்புண்டு என்றது அக்கணக்கு. பாதாம் மாவு ரொட்டியும் பூக்கோசுத் துருவல் ‘சோறும்’ இல்லாமலே எட்டக்கூடிய இலக்கு இது.

இங்கே பலர் வழுக்குவது சிறுதானியத்தில்தான். “அரிசியை விட்டுவிட்டேன், இப்போது கம்பும் சோளமும்தான்” என்று பெருமையோடு சொல்வார்கள். சர்க்கரை அளவோ இறங்கியிருக்காது. நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால், கம்பில் சுமார் 62, சோளத்தில் சுமார் 68. நார்ச்சத்தும் புரதமும் கூடுதல் என்பது மெய். அதற்காகக் கம்பங்கூழை வயிறு முட்டக் குடித்தால் கணக்கு நேராகிவிடாது. மாவாக அரைத்துக் கூழாகக் காய்ச்சும்போது அது விரைவாகச் செரித்து இரத்தத்தில் சேர்கிறது. கருப்பட்டியும் அப்படியே. பனையிலிருந்து வந்தாலும் அது சர்க்கரைதான். கருப்பட்டிக் காப்பி மருந்தாகாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. ஆயினும் அதில் நமக்கு உதவுவது கடலை, வெல்லப்பாகு அன்று. நிலக்கடலையை அவித்தோ வறுத்தோ ஒரு கைப்பிடி உண்ணலாம்.

செலவைப் பேசாமல் இதைப் பேசுவது முறையன்று. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசியை விரட்டிய அரிசி அது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பருப்புக்குக் காசு கொடுக்க வேண்டும், காய்க்கும் காசு கொடுக்க வேண்டும். எனவே தட்டில் சோறு மலைபோல் எழுவதில் வியப்பில்லை. கடையில் தரும் துவரம்பருப்பை விடாமல் வாங்குங்கள். நம் மண்ணில் விளையும் உளுந்தும் பாசிப்பயறும் அறுவடைக் காலத்தில் மலிவாகக் கிடைக்கும். அப்போதே சேர்த்து வையுங்கள். தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வரும் சாளை மீன் விலை குறைந்த நல்ல புரதம். கருவாட்டிலும் வத்தலிலும் உப்பு மிகுதி. இரத்த அழுத்தம் உள்ளவர் அவற்றைத் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்த வேண்டும்.

வேலைக்குப் போகிறவருக்கு ஒரு வழி: டிபன் கேரியரின் கிண்ணங்களை இடம் மாற்றுங்கள். பெரிய கிண்ணத்தில் அவரைக்காய், கொத்தவரை, கீரை என ஏதேனும் ஒரு பொரியல். நடுக்கிண்ணத்தில் முதல்நாள் இரவே ஊறவைத்து அவித்த பயறோ இரண்டு முட்டையோ. சிறிய கிண்ணத்தில் சோறு. உருளைக்கிழங்கைக் காய்க் கணக்கில் சேர்க்க வேண்டா. உலை ஒன்றே, குழம்பு ஒன்றே. வளரும் பிள்ளைகளுக்குச் சோற்றைக் குறைக்க வேண்டியதில்லை. பயற்றை அவர்களுக்கும் வையுங்கள். வேலைக்கிடையே குடிக்கும் தேநீரில் சர்க்கரை வேண்டா என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுவது, வீட்டில் யாருக்கும் வேலை வைக்காத மாற்றம்.

ஒன்றை மட்டும் மருத்துவரைக் கேளாமல் செய்யாதீர்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர், பழைய மருந்தளவிலேயே சோற்றைத் திடீரெனப் பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். வியர்வை, கைநடுக்கம், தலைச்சுற்றல், திடீர்ப்பசி ஆகியவை அதன் அறிகுறிகள். உணர்வோடு இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். டாப்பாகிளிப்ளோசின் வகை மாத்திரை உண்பவர் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் பெருகும் இடர் உண்டு. சிறுநீரகம் பழுதுற்றவருக்குப் பயறு, முட்டையின் அளவே வேறு. மக்களைத் தேடி மருத்துவம் வழியாக வீட்டுக்கே மாத்திரை பெறுவோரும், உணவை மாற்றுமுன் ஒருமுறை நேரில் வந்து மருந்தளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரும்போது, முந்தைய மூன்று நாள் உண்டதை ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். தேநீரையும் விடாமல் எழுதுங்கள்.