‘கொரோனா பாஸ்’ என்று நகைக்கலாமா?

கொரோனாக் காலத்தில் கல்லூரியில் பயின்றவர்களைக் ‘கொரோனா பாஸ்’ என்று கேலி செய்வோர் இன்றும் உளர். என் அக்காவும் அவர்களுள் ஒருத்தி. ஆகவே எனக்குக் கோபம் வருகிறது.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது அவள் பி.எஸ்.ஸி. வேதியியல் முதலாண்டு. வீட்டில் இருந்ததோ ஒரே செல்போன், அதுவும் அப்பாவுடையது. மொட்டைமாடியில்தான் சிக்னல் கிடைக்கும். வெயிலில் அவள் குறிப்பெடுக்க, நான் குடை பிடிப்பேன். “உள்ளேன் அம்மா” என்பதற்குள் இணைப்பு அறுந்துவிடும். அன்று வருகைப் பதிவு இல்லை. நடுவே அரிசி களையக் கீழிருந்து அழைப்பு வரும். அண்ணனை யாரும் அழைத்ததில்லை! (அம்மா மன்னிப்பாராக.)

2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டா இலவசம் எனத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல உதவிதான். ஆனால் போனே இல்லாதவள் அதை வைத்து என்ன செய்வாள்?

பாடத்தையாவது புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். ஆய்வகத்தை என்ன செய்வது? உப்புப் பகுப்பாய்வை அக்கா திரையில்தான் பார்த்தாள். சல்பைடு உப்பில் அமிலம் விட்டால் எழும் அழுகிய முட்டை நாற்றம் திரையில் வீசுமா? கல்லூரி திறந்தபின், விடுமுறை நாட்களிலாவது அச்சோதனைகளைச் செய்ய விட்டிருக்க வேண்டும் என்பேன்.

2021 செப்டம்பரில் அக்கா மீண்டும் கல்லூரிக்குச் சென்று, அதைத்தான் கேட்டாளாம். “அதெல்லாம் போன வருடமே முடித்தாயிற்றே, அம்மா” என்று பதில் வந்ததாம்.