"பயமா?" எண்டு கேட்டால் "18" எண்டு சொல்லுங்கோ

"பயமா இருந்தா போட்டிலயே இருங்கோவன்."

இந்த ஒரு வசனத்துக்காகத்தான் நான் 29 மீற்றர் ஆழத்துக்குப் போனேன். ஸ்கூபா கார்ட் கையில கிடைச்சு ரெண்டு கிழமைதான். அந்தக் கார்ட் சொல்லுற எல்லை 18 மீற்றர். கூட்டிக்கொண்டு போனவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். "கீழ நல்ல பாறை ஒண்டு கிடக்கு, கெதியா பாத்திட்டு வருவம்" எண்டார். படகில இருந்த மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

ஒண்டும் நடக்கவில்லை. மீன் பார்த்தோம், படம் எடுத்தோம், மேலே வந்தோம். ஆனால் படகில ஏறேக்க என்ர சிலிண்டரில 20 பார்தான் மிச்சம். 50 பாரை மிச்சம் வைச்சுக்கொண்டு மேலே வரவேணும் எண்டுதான் படிச்சிருந்தேன். அண்டைக்குப் பின்னேரம் எல்லாருக்கும் 29 மீற்றர் கதையைச் சொன்னேன். 20 பார் கதையை ஒருத்தருக்கும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

18 மீற்றர் என்பது சட்டம் இல்லை. கடலுக்குள்ள பொலிஸ் நிண்டு மறிக்கப்போறதும் இல்லை. பாடி, எஸ்.எஸ்.ஐ போன்ற பயிற்சி நிறுவனங்கள் முதற்கட்டப் பயிற்சி முடித்தவர்களுக்குச் சொல்லும் எல்லை அது. அடுத்த கட்டப் பயிற்சிக்கு 30 மீற்றர். பொழுதுபோக்குக்காகச் சுழியோடுகிறவர்களுக்குக் கடைசி எல்லை 40. "சும்மா காசு பிடுங்கிறதுக்குப் போட்ட இலக்கங்கள்" எண்டு நானும் ஒருகாலம் கதைச்சிருக்கிறேன். பிறகுதான் இருந்து கணக்குப் பார்த்தேன்.

கடலில ஒவ்வொரு 10 மீற்றருக்கும் அழுத்தம் ஒரு மடங்கு கூடும். 18 மீற்றரில் மேற்பரப்பைப் போல 2.8 மடங்கு, 30 மீற்றரில் 4 மடங்கு. நாங்கள் இழுக்கிற ஒவ்வொரு மூச்சும் அதே அளவுக்குச் சிலிண்டரைக் காலி செய்யும். 11 லீற்றர் சிலிண்டரில் 200 பார் இருந்தால் 2,200 லீற்றர் காற்று. 50 பாரை ஒதுக்கினால் 1,650. நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்செடுக்கிற ஒருவருக்கு அது 18 மீற்றரில் 29 நிமிடம் வரும், 30 மீற்றரில் 20 நிமிடம்தான் வரும். புதுசா இறங்குற ஆளுக்குப் பதற்றத்தில 30 லீற்றரும் போகலாம். அப்ப 30 மீற்றரில் 14 நிமிடம்கூட இல்லை.

காற்று மட்டும் பிரச்சினை இல்லை. பயிற்சியில நான் செய்துபார்த்த அவசர மேலேற்றம் 9 மீற்றருக்கு உள்ளேதான். 29இல் இருந்து அதைச் செய்ய என்ர உடம்புக்குத் தெரியாது. அதோட 30 மீற்றரை நெருங்கும்போது நைதரசன் மயக்கம் தொடங்கும். குடிச்ச ஆள் "நான் தெளிவாத்தான் இருக்கிறன்" எண்டு சொல்லுற மாதிரி. நான் கீழே நிண்டு அழுத்தமானியை ரெண்டு தரம் பார்த்தேன். இலக்கம் கண்ணில பட்டது, மண்டைக்குள்ள ஏறவில்லை. அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்ப நினைக்கப் பயமாக இருக்கிறது.

இந்த இடத்தில எங்கட ஆக்கள் ஒரு கேள்வி கேப்பினம். "மன்னாரில முத்துக் குளிச்ச சனம் கார்ட் வைச்சுக்கொண்டா இறங்கினது?" நியாயமான கேள்விதான். 18 மீற்றர் எண்டால் ஏறக்குறைய 10 பாகம். அந்த அளவு ஆழத்துக்குக் கல்லைப் பிடிச்சுக்கொண்டு மூச்சடக்கி இறங்கினவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மேலே இழுத்த ஒரே மூச்சோடு போய், அதே மூச்சோடு வந்தவர்கள். சிலிண்டர் வந்த பிறகு கதை வேறு. கீழே அழுத்தப்பட்ட காற்றைத் திரும்பத் திரும்ப இழுக்கிறோம். நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து சேருகிறது. கெதியாக மேலே வந்தால், திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள்ள குமிழி வரும்.

அதுக்கு உதாரணம் தேடி வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டரோடு இறங்குகிற எங்கள் கரையோரத் தொழிலாளர்களிடம் கேளுங்கள். ஒரே நாளில பல சிலிண்டர், நல்ல ஆழம், இடையில ஓய்வு இல்லை. மூட்டு வலியில தொடங்கி, கால் வழங்காமல் போனவர்கள் வரை இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணிச்சல் குறைவில்லை. இந்தக் கணக்கை ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லியிருந்தாலும் வயிற்றுப்பாடு விட்டிருக்காது. எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காசு குடுத்துப் படிச்ச பிறகும் ஒரு படத்துக்காக அதே பிழையை விடுகிறோம்.

பிழை பிடிச்சால் வைத்தியமும் கிட்டத்தில இல்லை. அதுக்கு அழுத்த அறை வேணும். கிழக்கில எண்டால் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குத்தான் ஓடவேணும். பாசிக்குடாவில ஒருத்தருக்கு நடந்தால் றோட்டிலயே மணித்தியாலங்கள் போகும்.

ஆகவே நான் கேட்பது ரெண்டு விசயம். படகு ஓட்டுகிறவர்கள் ஆளை ஏற்றமுதல் கார்டைப் பார்க்கவேணும், கடைசியாக எப்ப இறங்கினது எண்டும் கேட்கவேணும். கார்ட் எடுக்கிறதுக்குக் கடலில நாலு டைவ் போதும். ஒரு வருசத்துக்கு முதல் நாலு டைவ் செய்த ஆளும், போன கிழமை செய்த ஆளும் ஒண்டில்லை.

மற்றது எங்களுக்கு. கரையில நிக்கேக்கயே வாயைத் திறந்து சொல்லுங்கோ: "நான் 18க்குக் கீழ வரமாட்டன். 100 பார் வந்தால் சைகை காட்டுவன்." படகு வெளிக்கிட்ட பிறகு சொல்லுறது கஷ்டம், தண்ணிக்குள்ள சொல்லவே ஏலாது. "பயமா?" எண்டு கேட்டால் ஓம் எண்டே சொல்லலாம். பக்கத்தில இன்னொரு புது ஆள் இருந்தால், நீங்கள் சொன்னதைக் கேட்டு அவரும் துணிஞ்சு சொல்லுவார். எனக்கு அண்டைக்குத் தேவைப்பட்டது அப்பிடி ஒரு ஆள்தான்.

மட்டக்களப்புக் கடலில ஹேர்மிஸ் கப்பலைப் பார்க்கவேணும் எண்டு எனக்கும் ஆசை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு போட்டு, 307 பேரோடு தாண்ட கப்பல் அது. கிடக்கிறது ஏறக்குறைய 53 மீற்றரில. பொழுதுபோக்கு எல்லைக்கே வெளியில. அதுக்கு வேற பயிற்சி, வேற உபகரணம், பல வருசப் பழக்கம் வேணும். எண்பது வருசத்துக்கு மேலாக அங்கதான் கிடக்கிறது, நான் ஆறுதலாகப் போகலாம். அடுத்த சீசனுக்கு நிலாவெளியில 12 மீற்றரில முருகைக்கல் பார்க்கப்போகிறேன். வெளிச்சமும் அங்கதான் நல்லா இருக்கும்.