மீன் பாஸானால் போதுமா?

ஈரோட்டுப் பக்கம் ஒரு தனியார் ஆய்வகத்தில் கழிவுநீர் பரிசோதிப்பது என் வேலை. கேனைக் கொண்டுவந்து வைக்கிறவர்கள் உப்பு எவ்வளவு, அமிலம் எவ்வளவு என்றெல்லாம் விசாரிப்பதில்லை. "ஏனுங்க மேடம், மீனு பாஸாயிருமுங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. வேறு நீர் கலக்காத முழுக் கழிவுநீரில் மீன்களை விட்டால் 96 மணி நேரம் கழித்து நூற்றுக்குத் தொண்ணூறு உயிரோடு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் பொது வெளியேற்ற விதி. எண்ணெய் மில், மிக்சர் கம்பெனி ஆட்களுக்கு இதில் பெரிய பயம் கிடையாது. திங்கிற எண்ணெய்தானே, மீனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்பார்கள். விவரமானவர்கள் கையில் பொருளின் பாதுகாப்புத் தாளும் இருக்கும். அதில் மீனுக்கான எல்சி50, அதாவது நான்கு நாளில் பாதி மீன்களைச் சாகடிக்கும் அளவு, 'லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல்' என்று அச்சாகியிருக்கும். அதைக் காட்டிவிட்டால் வாதம் முடிந்தது என்று நினைப்பு.

தாள் பொய் சொல்லவில்லை. கொழுப்பு அமிலங்கள் கிளிசராலோடு சேர்ந்த கிளிசரைடுகள்தான் நம் நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும். அமிலம் ஒன்றோ இரண்டோ மட்டும் சேர்ந்த வகை, ஐஸ்கிரீம் பாக்கெட்டில் 471 என்ற எண்ணாக இருக்கும். சயனைடு போலவோ பூச்சிமருந்து போலவோ இவை மீனைத் தாக்குவதில்லை. ஆனால் அந்த 100 எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் நீரில் கரையாது. அதனால் நிறுத்துப் போட்ட எண்ணெயை நீரோடு மெல்லக் கலக்கி, அசையாமல் வைத்து, மேலே படலம் ஒதுங்கிய பிறகு அடியிலிருக்கும் நீரை மட்டும் குழாய் வழியாக இறக்குவது வழக்கம். ஜீப்ரா மீன்களை விடுவது அந்த நீரில்தான். 100 என்பது நாம் போட்ட கணக்கு; மீனிடம் போய்ச் சேர்ந்தது அதில் துளி. ஓஇசிடி அமைப்பின் 203ஆம் நெறிமுறை இன்னொன்றையும் சொல்கிறது: நான்கு நாளும் தொட்டி நீரில் ஆக்சிஜன், முழுக் கொள்ளளவில் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நச்சை மட்டும் தனியாக அளக்க இது சரியான ஏற்பாடு. மூச்சுத் திணறிச் செத்த மீனை விஷத்தின் கணக்கில் எழுத முடியாதில்லையா? கண்ணாடிக் குச்சியால் வாலடியைத் தொட்டுப் பார்ப்பேன், செவுள் அசைகிறதா என்று குனிந்து பார்ப்பேன். எல்லாம் சுகமாகவே இருக்கும். எண்ணெய் குளத்தில் செய்கிற இரண்டு காரியங்கள், படலமாக மூடுவதும் ஆக்சிஜனைத் தின்பதும், இந்தத் தொட்டிக்குள் நுழையவே இல்லை.

தின்பது எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். ஒரு கிராம் சமையல் எண்ணெய் முழுதாகச் சிதைய ஏறக்குறைய 2.9 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் நீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் சுமார் ஏழரை மில்லிகிராம். ஆக, வாய்க்காலில் கொட்டும் ஒரு லிட்டர் எண்ணெய், சுமார் மூன்றரை லட்சம் லிட்டர் நீரின் ஆக்சிஜனைக் கேட்கும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் முப்பதை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீர் அது. காற்றிலிருந்து புதிதாக ஆக்சிஜன் இறங்கும் என்பது வாஸ்தவம். மேலே படலம் கிடந்தால் அந்த வரவும் குறையும்.

இதெல்லாம் காகிதக் கணக்கு என்பவர்கள் மினசோட்டாவைப் பார்க்கட்டும். 1963 ஜனவரியில் அந்த அமெரிக்க மாநிலத்தின் மன்கேட்டோ நகரில் சோயா எண்ணெய்த் தொட்டி உடைந்து லட்சக்கணக்கான காலன் வெளியேறியது. ஆற்றுப் பனி உருகிய வசந்தத்தில் வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன; எஞ்சியவற்றைக் காப்பாற்ற ஆளுநர் படையை இறக்க வேண்டியிருந்தது. 1991இல் வேல்ஸின் ஆங்கிள்சி தீவருகே 'கிம்யா' கப்பலிலிருந்து சூரியகாந்தி எண்ணெய் சிந்தியபோது கரையோர மட்டிகள் செத்தன. எண்ணெய் மணலோடு இறுகிக் காரைக்கட்டி மாதிரி ஆனது. அப்படியும் அமெரிக்காவின் எண்ணெய்த் தொழில்காரர்கள், எங்களுடையதைப் பெட்ரோலியத்தோடு சேர்க்காதீர்கள் என்று மனுப் போட்டார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1997இல் அதைத் தள்ளுபடி செய்தது. நச்சில்லை என்பதால் கேடில்லை என்றாகாது என்பதே அதன் பதிலின் சாரம்.

குளத்தைக் குத்தகைக்கு எடுத்த ஒருவர் செத்த கட்லாக்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். "யாரோ மருந்து ஊத்திட்டாங்க" என்று சத்தியம் பண்ணினார். பூச்சிமருந்து எதுவும் அகப்படவில்லை. விராலும் செத்ததா என்று கேட்டேன். இல்லை, அது மட்டும் துள்ளுகிறது என்றார். காற்றை நேரடியாக மூச்சுவிடும் மீன் விரால். எனக்கு அதுவே போதுமான ரிப்போர்ட். மறுநாள் விடியலில் அவரோடு போய் மீட்டரை இறக்கினால் ஆக்சிஜன் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. மேலே எண்ணெய்ப் பளபளப்பு, மடையோரம் பழைய பஜ்ஜிச் சட்டி நாற்றம்.

எனவே நான் கேட்பது இது. சாதாரணத் தாவர எண்ணெய்க்கு மறுபடி மறுபடி மீனைச் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது எதுவுமில்லை. (நான் மீன் சாப்பிடுகிறவள்தான், ஆனாலும் தெரிந்த விடைக்கு ஓர் உயிரை வதைப்பது அநியாயம்.) சோப்புபோல நீரில் கலக்கும் மோனோலாரின் போன்ற கிளிசரைடுகளை மட்டும் தனியாகச் சோதிக்கலாம். அதற்கும் மீன் முட்டைக் கருவை வைத்தும், டிரவுட் மீனின் செவுள் செல்லை வைத்தும் செய்யும் முறைகள் அங்கீகாரத்தோடு வந்துவிட்டன. மிச்சமாகும் காசையும் கவனத்தையும் விதியில் ஏற்கெனவே இருக்கும் மற்ற இரண்டு வரிகளுக்குக் கொடுங்கள்: ஆறு குளத்தில் விடும் நீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமையும், பிஓடி, அதாவது கழிவு சிதையத் தின்னும் ஆக்சிஜன், 30ஐயும் தாண்டக் கூடாது. மீன் பாஸான கேன் இந்த இரண்டிலும் தோற்றதை நான் பார்த்திருக்கிறேன். பேச்சு என்னவோ மீனோடு முடிந்துவிடுகிறது.

குளத்தை அளக்கும் நேரமும் மாற வேண்டும். மாதிரி எடுக்க ஆட்கள் வருவது பெரும்பாலும் பதினொரு மணிக்கு மேல். அப்போது பாசி வெயிலில் ஆக்சிஜன் விட்டுக்கொண்டிருக்கும். மீட்டர் ஐந்து, ஆறு என்று நல்லபடியாகக் காட்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லுங்கள். ஓவர்டைம் கேட்டால் கொடுத்துவிடலாம்.