இரவல் புகழில் ஒரு பிளாஸ்டிக் கட்டை

வேட்டை ரைஃபிள் விற்கும் அமெரிக்கக் கடைகளிலும் கனடாக் கடைகளிலும் ஒரு வேதவாக்கு ஓடிக்கொண்டிருக்கிறது; பேச்சு, குழலும் உலோகமும் உட்கார்ந்து தோளில் அணையும் கட்டையைப் பற்றியது. மரக்கட்டை கண்ணுக்கு அழகு, காட்டுக்கு ஆகாது. குறி பிசகக் கூடாது என்றால் பிளாஸ்டிக் கட்டைதான். எதிலும் மனம் நிலைக்காதவருக்கு லேமினேட், அதாவது மரத்தகடுகளை ஒட்டிய கட்டை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. ஆனால் அந்த நாடுகளில் குடியேறி, உரிமம் எடுத்து, முதல் ரைஃபிள் வாங்கப் போகும் நம்மவர் காதிலும் இதே மந்திரம்தான் ஓதப்படும். அதில் பாதிதான் உண்மை. அந்தப் பாதியும் இன்னொரு பொருள் சம்பாதித்த புகழ்.

உண்மையான பாதியை முதலில் பார்த்துவிடலாம். 1966-இல் அமெரிக்க மரைன் படை எம்40 என்ற தொலைகுறி ரைஃபிளை வியட்நாமுக்குக் கொண்டுபோனது. ரெமிங்டன் 700 ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பகுதி), வால்நட் கட்டை. அந்த மழையிலும் புழுக்கத்திலும் மரம் ஈரம் குடித்து உப்பியது, முறுக்கிக்கொண்டது. எழுபதுகளில் அதே ரைஃபிள் எம்40ஏ1 ஆக மறுபிறவி எடுத்தபோது அதில் மெக்மில்லன் ஃபைபர்கிளாஸ் கட்டை இருந்தது. மேசைமேல் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிக்காரர்களும் அதே காலத்தில் ஃபைபர்கிளாஸுக்கு மாறினார்கள். 1988-இல் அமெரிக்கத் தரைப்படை எடுத்துக்கொண்ட எம்24-இன் கட்டைக்குள் உலோகம் உட்கார அலுமினியப் படுகையே வைத்திருந்தார்கள். மரம் தோற்ற களம் இது. மறுப்பதற்கில்லை.

ஆனால் இங்கே வென்றது எது? ஃபைபர்கிளாஸ் துணியைக் கையால் அடுக்கடுக்காக வைத்து, எபாக்சி பிசினில் இறுக்கிச் செய்த கட்டை. நல்ல வேலைப்பாட்டில் அது 700 கிராமுக்குள்கூட வரும், வளையாது, ஈரம் ஏறாது. விலை மட்டும் சில மலிவு ரைஃபிள்களின் முழு விலையைத் தொடும். கடைக்காரர் நம் கையில் கொடுப்பதோ உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் பீய்ச்சி எடுத்த கட்டை. கல்யாண மண்டபத்து நாற்காலி பிறக்கும் அதே முறை. இரண்டுக்கும் ஒரே பெயர்ச்சீட்டை ஒட்டி, வியட்நாமில் ஒன்று வாங்கிய பதக்கத்தை மற்றொன்றின் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். என் சண்டை இந்த ஆள்மாறாட்டத்தோடுதான்.

மலிவான அச்சுக் கட்டையின் முன்பகுதி மெல்லியது. விரல்களால் நெருக்கினாலே போதும், வளைந்து குழலைத் தொடும். தோள்வாரை இறுக்கினாலும் தொடும், இருகால் தாங்கியில் சாய்ந்தாலும் தொடும். எந்தக் குழலைச் சுற்றி இடைவெளி விட்டிருப்பதாக விளம்பரம் பெருமையடிக்கிறதோ, அந்த இடைவெளி சுடும் நேரத்தில் இருப்பதில்லை; குழல் நெருக்கப்பட்டால் குறி நகரும். பின்கட்டை உள்ளே வெற்றிடம். ஒரு சுள்ளி உரசினாலும் பறை மாதிரி ஒலிக்கும். சரி, எபாக்சி பூசிப் படுகையைச் செப்பனிடலாம் என்றால் இந்த வகைப் பிளாஸ்டிக்கில் பிசின் சரியாக ஒட்டாது. எடையாவது குறைவா? கேட்டால் ஆமாம் என்பார்கள், தராசில் போட்டுக் காட்டமாட்டார்கள். சாதாரண வால்நட் கட்டை ஏறக்குறைய ஒரு கிலோ. அச்சுக் கட்டைகளில் பலவும் அந்த எடையைத்தான் ஒட்டி நிற்கின்றன.

பிறகு ஏன் ஊரெல்லாம் இதுவே நிறைகிறது? செய்கிறவருக்கு லாபம், அவ்வளவுதான். வால்நட் மரத்தை அறுத்து, பொறுமையாகக் காயவைத்து, உலோகம் உட்காரக் குடைந்து, இழைத்து, எண்ணெய் ஏற்றி முடிப்பதற்குள் ஆளும் நாளும் செலவாகும். அச்சுக்குப் போட்ட முதல் திரும்பிவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பிளாஸ்டிக் கட்டையும் சொற்பச் செலவில் விழுந்துகொண்டே இருக்கும். மலிவு ரைஃபிள் கிடைப்பது நல்ல விஷயம்தான். முதல் ரைஃபிள் வாங்குகிறவருக்கு அது உதவி. மலிவை மலிவென்று சொல்லி விற்காமல் துல்லியம் என்று விற்பதுதான் கோபமூட்டுகிறது.

பிளாஸ்டிக் என்றாலே மட்டம் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். 1959-இல் ரெமிங்டன் வெளியிட்ட நைலான் 66, பெயருக்கேற்ப டூபாண்ட் நைலானில் வார்த்த .22 ரைஃபிள். அந்த ஆண்டே டாம் ஃப்ரை என்பவர் மேலே வீசப்பட்ட 1,00,010 மரத்துண்டுகளை அந்த ரகத் துப்பாக்கிகளால் சுட்டு, ஆறே ஆறைத்தான் தவறவிட்டார். பின்லாந்தின் டிக்கா டி3 ரைஃபிளின் பல ரகங்கள் அச்சுக் கட்டையோடு வந்தவைதான். அதன் துல்லியத்தை எதிரிகளும் ஒப்புக்கொள்கிறார்கள். காரணம், உலோகம் உட்காரும் இடத்தை யோசித்துச் செய்திருக்கிறார்கள். 2016-இல் டி3எக்ஸ் வந்தபோது பின்கட்டையின் வெற்றிடத்துக்குள் ஃபோம் வைத்துச் சத்தத்தையும் அடக்கினார்கள்.

மரத்தின் மீதான குற்றப்பத்திரிகைக்கு வருவோம். மரம் ஈரத்தில் நீளவாக்கில் ஏறக்குறைய அசைவதே இல்லை. குறுக்குவாக்கில்தான் உப்பும், சுருங்கும். முன்கட்டை ஒரு பக்கமாக உப்பிக் குழலை நெருக்கினால் குண்டுகள் சிதறுவதைவிட, குறியே கூண்டோடு நகர்வதுதான் அதிகம். ஆனால் ஈரம் எங்கே நுழைகிறது என்று பாருங்கள். பல தொழிற்சாலைக் கட்டைகளில் வெளிப்பக்கம் கண்ணாடிபோல் மின்னும். குழல் படுக்கும் பள்ளம், தோட்டாப்பெட்டி நுழையும் துவாரம், தோளில் படும் ரப்பர் தட்டுக்கு அடியில் மரநார் வாய்திறந்து நிற்கும் வெட்டுமுகம் இவற்றில் பூச்சு பேருக்குத்தான் இருக்கும். தண்ணீர் அங்கேதான் குடிபுகுகிறது. கழற்றி, உள்பக்கம் முழுதும் பூச்சு ஏற்றி, உதையை வாங்கும் முளையைச் சுற்றி எபாக்சி படுகை அமைத்து, திருகாணித் துளைகளில் அலுமினியக் குழாய்த் துண்டுகளை இறக்கி, குழலை எதிலும் தொடாமல் விட்டால் புகாரில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நல்ல துப்பாக்கித் தச்சருக்கு இது வழக்கமான வேலை. மரத்தின் குறை என்று ஊர் பேசுவதில் பெரும்பங்கு இந்த அரைகுறைப் பூச்சின் குறை.

அமெரிக்க வேட்டை எழுத்தாளர் ஜாக் ஓ'கானர் மலையாடு தேடி யூகானிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஏறி இறங்கியது வால்நட் கட்டை போட்ட ரைஃபிள்களோடுதான். அவர் ஒரு ஆள் என்று தள்ளினால், ஒரு படையையே சாட்சிக்கு அழைக்கிறேன். கனடாவின் வடகோடிப் பனியில் காவலிருக்கும் கனடியன் ரேஞ்சர்கள் 1947 முதல் மரக்கட்டை போட்ட லீ-என்ஃபீல்டைத்தான் சுமந்தார்கள். பனி, கடல்நீர், ஸ்லெட்ஜ் வண்டியின் குலுக்கல், பனிக்கரடி என்று எழுபது ஆண்டு. கடைசியில் அதை மாற்றியதற்கு முக்கியக் காரணம் மரம் உளுத்துப்போனதல்ல, உதிரிப்பாகம் கிடைக்காமல் போனது. 2018 முதல் அவர்கள் கைக்கு வந்த சி19, டிக்காவின் கனடா வடிவம். கட்டை சிவப்பு லேமினேட். அந்தப் புதுக்கட்டைகளில் விரிசல் கண்டதும் செய்தியானது.

லேமினேட் பற்றி நீட்டி முழக்க எதுவுமில்லை. சாயமேற்றிய பிர்ச் தகடுகளைப் பிசினால் அழுத்தி ஒட்டிய பலகை. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் மவுசர்களிலேயே இதே உத்தி உண்டு. உறுதி அதிகம், அசைவு குறைவு, கனம் கூடுதல். ஆனாலும் அது மரம்தான். உள்ளே பூச்சு தேவைப்படாத அதிசயப் பொருள் என்று அதைப் புகழ்வது அடுத்த மூடநம்பிக்கை.

துல்லியம் துல்லியம் என்கிறார்களே, எவ்வளவு? குண்டுகள் விழும் வட்டத்தை அளக்கும் எம்.ஓ.ஏ. (கோண நிமிடம்) ஒன்று என்பது 100 மீட்டரில் ஏறக்குறைய 3 செ.மீ. மானின் நெஞ்சுப் பகுதியில் உயிர்நிலை அகலம் சுமார் 20 செ.மீ. இரண்டு எம்.ஓ.ஏ. சுடும் சுமாரான ரைஃபிள்கூட 200 மீட்டரில் 12 செ.மீ. வட்டத்துக்குள்தான் போடும். மலையேறி மூச்சு வாங்கும் ஆளின் கைநடுக்கம் இதைவிடப் பெரிது.

நாள்கணக்கில் மழையில் நனையும் தென்கிழக்கு அலாஸ்காவுக்குப் போகிறீர்களா, காசும் இருக்கிறதா? கையால் அடுக்கிய ஃபைபர்கிளாஸ் வாங்குங்கள், நானும் அதையே சொல்வேன். மற்றவர்கள் கடையில் பொருளின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு, குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு டாலர் நோட்டை நுழைத்து இழுத்துப் பாருங்கள். பிறகு முன்கட்டையை ஒரு கையால் நன்றாக நெருக்கிக்கொண்டு மறுபடி இழுங்கள். நோட்டு சிக்கினால், விளம்பரம் என்ன சொன்னாலும் சரி, அந்த ரைஃபிளை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.